கறுப்புக் கிடாயின் குட்டி

மக்குசானி மேடு,
ஞாயிறு, 16 ஜனவரி 2011

அன்புள்ள எஸ்கோலாஸ்திகாவுக்கு,

இங்கு நலம். ஹூலியாகாவின் வெயில் உன் முழங்காலுக்கு இதமாக இருக்கும் என நம்புகிறேன். மகள் நியேவெஸ் வீட்டுக்கு நீ புறப்பட்டது அக்டோபர் 3, ஞாயிறு. சில நாள் தங்குவதாக அவளிடம் சொன்னாயாம். சில நாளுக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

இவ்வாண்டு கார்னிவல் திருவிழாவின் செவ்வாய் மார்ச் 8. அன்று நம் மந்தை அல்பாக்காக்களின் காதில் நூல் கட்ட வேண்டும். என் வெள்ளை நூலை நான் கட்டுவேன். உன் சிவப்பை உன் கைதான் கட்ட வேண்டும். எவர் நூல் ஏறுகிறதோ, விலங்கு அவருக்கே சொந்தம், உனக்குத் தெரியாததில்லை.

உன் கறுப்புக் கிடாயை நான் காயடித்தது கோபத்தால் அன்று. செப்டம்பர் கண்காட்சியில் நடுவர் என் வெள்ளைக் கிடாயின் உரோமத்தை விரித்து, ஒற்றைக் கறுப்பு இழையைக் காட்டி, இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். மந்தையில் நிறம் கலக்கலாகாது என்றார்; அதனால்தான் செய்தேன்.

இப்படிக்கு,
மெலித்தோன்

ஹூலியாகா
(தேதி உங்களுக்குத்தான் வேணும், நீங்களே போட்டுக்கங்க.)

நியேவெஸ் அப்பாவுக்கு,

நான் சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கத்திய எடுத்துட்டீங்க. எங்கம்மா குடுத்த மந்தையில மிஞ்சின ஒரே கறுப்புக் கிடா அது. அதோட அந்த வம்ச வழியே முடிஞ்சுது. காதுல யாரு நூலுன்னு பாத்தீங்களா?

உங்க நடுவர் வந்து தினமும் கிழங்கு சூப் வெச்சுத் தர்றாரா? நல்லா குடிங்க.

என் கிடா எப்படி இருக்கு?

எஸ்கோலாஸ்திகா

மக்குசானி மேடு,
ஞாயிறு, 20 பிப்ரவரி 2011

அன்புள்ள எஸ்கோலாஸ்திகாவுக்கு,

தேதியிடாத உன் கடிதம் பிப்ரவரி 4 அன்று கிடைத்தது. உன் கிடா மேய்கிறது. பெட்டைகள் பக்கம் போவதில்லை.

கடந்த வியாழன், 17ஆம் தேதி காலை, உன் கோணக்காதுப் பெட்டை ஈன்றது. கிடாக்குட்டி, கால் நகம் வரை கறுப்பு. தகப்பன் உன் கறுப்புக் கிடாய்தான், காயடிக்கும் முன்பே, போன மார்ச்சில் இணைந்தது. ஆகவே உன் வழி முடியவில்லை. ஆலங்கட்டி மழையில் என் போர்வையால் மூடி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

நடுவர் கூறியது விதிப்படி சரியே. எனினும் இவ்வாண்டு நான் கண்காட்சிக்குப் போகப்போவதில்லை. குட்டியின் காது வெறுமையாக இருக்கிறது. மார்ச் 8க்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
மெலித்தோன்

ஹூலியாகா

நியேவெஸ் அப்பாவுக்கு,

குட்டி பொறந்தத எழுதின இடத்தப் படிச்சதும் மக முன்னாடியே அழுதுட்டேன். பேரன வேற திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நடுவர் சொன்னது இருக்கு, விதி இருக்கு. "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்"னு மட்டும் எங்கயும் இல்ல. நாப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு அது தேடிப் பாத்துத்தான் தெரியணுமா?

நான் வரல. செவ்வாய்க்கிழம உங்க வெள்ளை நூலையே கட்டிடுங்க, குட்டிக்கும், என்னோட எல்லாத்துக்கும். யாராவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க.

பனி நிக்கிற வரைக்கும் குட்டிய உள்ளயே படுக்க வைங்க. தாய்க்குப் பால் பத்தலன்னா வேற பெட்டைகிட்ட விடுங்க.

அவன் இனிமே உங்களவன்தான். கத்தி மட்டும் வைக்காதீங்க.

எஸ்கோலாஸ்திகா