பச்சைத் துணி கட்டிய படகு

பாய்,

நேற்று காசிமேட்டு ஏலக்கூடத்தில், ஒரு கூடை சங்கராவுக்கு விலை கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். கமுக்கமாக இல்லை, சத்தமாக. இத்தனை பெரிய தொப்பையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல மூக்கு ஒழுகியது. "இன்னா மாமு?" என்று கேட்டவர்களிடம் வெங்காயம் என்றேன். மீன் ஏலத்தில் ஏது வெங்காயம்? டீக்கடைக்காரன் கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டினான், புகை என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான்.

எங்கள் குப்பத்தில் புதுப்படகு இறங்கும் நாளெல்லாம் நீ ராயபுரத்திலிருந்து தூபக்காலும் மயிலிறகுமாக வந்து நிற்பாய். அலை காலில் பட்டால் பூனைபோலத் துள்ளுவாய். அம்மனுக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, படகின் முன்மூக்கில் குங்குமம் வைத்த கையோடு உனக்கு வழி விடுவோம். அதே மூக்கில் நீ பச்சைத் துணி கட்டி, நாட்டுச்சர்க்கரையும் பொட்டுக்கடலையும் வைத்து பாத்தியா ஓதுவாய். கட்டிய துணியை யாரும் கையால் அவிழ்க்கக்கூடாது. காற்றே கொண்டுபோனால், தர்கா பாவா ஏற்றுக்கொண்டார் என்று கணக்கு.

"அம்மா தண்ணிய பாத்துக்குவா, பாவா காத்த பாத்துக்குவாரு. அவங்களுக்குள்ள சண்ட இல்ல மாமு, நீ ஏன் நடுவுல பேஜாரு பண்ற?" என்பாய்.

நீ காய்ச்சலில் கிடந்த ஒரு வாரத்தில்தான் என் மச்சான் அவசரப்பட்டுப் பச்சை கட்டாமல் இறங்கினான். படகின் இரண்டு பலகைகள் கரைக்கு வந்தன. அவன் வரவில்லை. அதன்பின் என் வீட்டுக்காரியைக் கண்டால் நீ தலை குனிந்துகொண்டாய். அவள் உன்னை ஒரு சொல் சொன்னதில்லை.

நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, என் பையன் புதுப்படகு எடுத்தான். "பச்ச கட்டாம எம்புள்ள எறங்கமாட்டான். எங்கண்ணன் எறங்குனத பாத்தல்ல?" என்று வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டாள் இவள். சோறு தண்ணி இல்லை.

உங்கள் பக்கத்துப் புது இமாமிடம் போனேன். இதெல்லாம் மார்க்கத்தில் கிடையாது என்றார், மரியாதையாக. எங்கள் கோயில் தலைவரிடம் போனேன். இதெல்லாம் நம் வழக்கத்தில் கிடையாது என்றார், அவரும் மரியாதையாகத்தான். இவர் தாத்தா படகில் பச்சை பறந்ததை நானே பார்த்திருக்கிறேன். என் பையனைப் பார்த்து அதே பட்டறையில், அதே நீலத்தில் தானும் ஒரு படகு வாங்கிப் பக்கத்திலேயே நிறுத்தியவர்; அந்தப் பொறாமைக் கதை உனக்குப் பிடித்திருக்கும்.

கடைசியில் உன் வீட்டுப் பாபிதான் தூபக்காலையும், பெட்டியில் மிச்சமிருந்த ஒரே பச்சைத் துணியையும் கொடுத்தார். யார் கண்ணிலும் படாமல், விடிவதற்கு முன் தனியாகக் கரைக்குப் போனேன். நீ ஒரு சிட்டிகை சாம்பிராணி போடுவாய். நான் ஒரு கைப்பிடி போட்டேன். புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் உன் பக்கத்தில் நின்றும் பிஸ்மில்லாவுக்கு மேல் எனக்கு ஓத வரவில்லை. மீதியைத் தமிழில் சொன்னேன்: "பாவா, புள்ள கடலுக்குப் போறான், பாத்துக்க. பாயால வர முடியல."

கைக்குத் தட்டுப்பட்ட படகு மூக்கில் துணியைக் கட்டினேன்.

கட்டிவிட்டேன் என்று வந்து சொன்னதும் இவள் வாசலைவிட்டு எழுந்தாள். பையன் போனான். மறுநாள் வலை நிறைய மீனோடு வந்தான். படகின் மூக்கில் துணி இல்லை. "காத்து எத்துகினு போச்சும்மா" என்றான். இவள் கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மொத நாளே ஏத்துக்கினாரு பாரு." அன்றைக்குத்தான் சாப்பிட்டாள்.

உன் தூபக்கால் எங்கள் வீட்டில், அம்மன் படத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஏற்றுகிறேன். ஒரு சிட்டிகைதான். புகை வந்தால் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், நீ லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவதுபோல. வருவதில்லை.

பையன் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னதை உனக்கு மட்டும் சொல்கிறேன். "நைனா, நம்ம போட்ல நீ எதுவுமே கட்டல." கோயில் தலைவர் படகில் அது இன்னும் பறக்கிறது. கையால் அவிழ்க்கக்கூடாது என்பது அவருக்கும் தெரியும்.