பெட்டியைத் தட்டிய சத்தம்

டுலூத்,
பிப்ரவரி 1913

அன்புள்ள அத்தைக்கு,

கோரா எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பேரன் லியோ நலம், என் பக்கத்தில்தான் தூங்குகிறான். மேலே படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் இடுப்பு வலி தேவலையா? இங்கே ஏரியே உறைந்து கிடக்கிறது. மாமாவுக்கும் உங்கள் பிள்ளைகள் டெனிஸ், யூஜின் இருவருக்கும் ஜலதோஷம். மேடையில் மட்டும் ஒருவரும் தும்முவதில்லை.

திங்கட்கிழமை முதல் காட்சி முடிந்ததுமே மேனேஜரிடமிருந்து நீல உறை வந்தது. எதையோ வெட்டச் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? மேசையிலிருந்து யூஜின் பெட்டிமேல் குதித்து, தினம் தினம் மாற்றும் மெல்லிய மூடியை உடைப்பதற்கு முன், மாமா அதைத் தட்டி "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பாரே, அதற்கு இந்த ஊரில் சிரிப்பே வரவில்லையாம். மாமா உறையை மடித்து ஷூவின் ஓட்டைக்கு அடைத்துக்கொண்டார். "நான் பேசறதுல எதை வேணா வெட்டிக்கட்டும். இது பிரிஜிட் வச்சது" என்று உங்கள் பெயரைச் சொன்னார். அடுத்த ஊருக்கு நம்மை அனுப்பமாட்டார்களே என்று எனக்குக் கவலை.

புதன்கிழமை மதியம் மேடையின் பக்கத்தில் உட்கார்ந்து டெனிஸின் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். லியோ காலடியில்தான் இருந்தான். எதிலாவது ஒளிந்துகொள்வதுதான் இப்போது அவனுடைய விளையாட்டு. பெட்டி திறந்து கிடந்தது, உள்ளே பழைய துணிகள். நான் நூல் கோத்து நிமிர்வதற்குள், புதிதாக வந்த மேடைக்காரர் மூடியைச் சாத்தி அதை மேடைக்குத் தள்ளிவிட்டார். குழந்தையைக் காணோம். திரைக்குப் பின்னால் தேடினேன், நாற்காலிக்கு அடியில் தேடினேன். மேடையைப் பார்த்தால் யூஜின் மேசைமேல் ஏறிவிட்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோட்டைப் போட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடினேன்.

மாமா தட்டினார். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"இல்ல!" என்றான் லியோ.

கொட்டகையே இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். யூஜின் தூக்கிய காலோடு அப்படியே நின்றான். மாமா மூடியைத் திறந்து, "இல்லைன்னு சொன்ன பெரிய மனுஷன் நீங்கதானா?" என்று அவனைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டு, போய் ஆட்டத்தை முடித்தார். திரை விழுந்ததும் ஒட்டுமீசையைக்கூடக் கழற்றாமல் லியோவிடம் வந்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். "பிரமாதம்! இனிமே எல்லாக் காட்சியிலயும் பையனைப் பெட்டியில போடுங்க. உங்கள நடுவுல ஆட விடறேன்" என்றார். டெனிஸ் என்னைப் பார்த்து, "காத்துக்கு ஓட்டை போட்டுட்டா..." என்று இழுத்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை. ஊர் ஊராகக் கடைசியில் ஆடி, எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்த்தே அலுத்துப்போனவர் அவர். நான் வாய் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்: "பிள்ளை உள்ள இருந்துடக் கூடாதேன்னுதான்யா தட்டறதே. தட்டறதுக்காகப் பிள்ளைய உள்ள வைக்கச் சொல்றீரே!"

பிறகு எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். யூஜின் கைக்குழந்தையாகத் தூங்கியது அந்தப் பெட்டியில்தானாம். தட்டாமல் யாரையும் அதைத் தொடவிடமாட்டீர்களாம். ஒருநாள் பழக்கதோஷத்தில் மேடையிலும் தட்டிவிட்டீர்களாம், ஜனங்கள் சிரித்தார்களாம். யூஜின் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நான் பொறந்ததே ஒரு ஜோக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். டெனிஸ் மட்டும் லியோவைக் கீழே இறக்கவே இல்லை.

அந்தத் தட்டலுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல என் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பில் ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை, அத்தை.

இன்னொன்று. அன்று பார்க்க வந்திருந்த ஒருவர் கலிபோர்னியாவில் படம் எடுக்கிறாராம். குழந்தை வேண்டாம், பெரியவர்கள் ஆடினால் போதும் என்கிறார். ஒரே ஊர், குடியிருக்க ஒரு வீடு. "பிரிஜிட் வராம நான் வரல" என்று மாமா பிடிவாதமாக இருக்கிறார்.

வந்துவிடுங்கள், அத்தை. வந்து கதவைத் தட்டுங்கள். யாரும் இல்லை என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அதை நம்பாதீர்கள். உள்ளே வாருங்கள்.

உங்கள் மருமகள்,
கோரா