சுருளின் மிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

ஜெயில் பார்வையாளர் வரிசையில் இரண்டு மணி நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றதோ பத்து நிமிடம். அதிலும் பாதி நேரம் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதிச் சமையலறை தீப்பிடித்து இன்றோடு பன்னிரண்டு நாள். அங்கிருந்த மின் அடுப்பைக் கடைசியாகப் பழுதுபார்த்த எலக்ட்ரீஷியன் என்று இவரை உள்ளே வைத்திருக்கிறார்கள். பாத்திரம் கழுவும் அம்மா இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"நீங்க சரியாத்தானே செஞ்சீங்க?"

"செஞ்சேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

மார்ச் 5

தைக்க உட்கார்ந்தால் ஊசி விரலில் ஏறுகிறது.

மார்ச் 7

வக்கீலம்மா தீயணைப்பு அறிக்கையின் நகல் கொடுத்தார். அடுப்புச் சுருளின் தடை பதினேழு ஓம்தானாம். 230 வோல்ட்டில் பதின்மூன்றரை ஆம்பியர் இழுத்திருக்கிறது. ஒயர் தாங்குவது பத்து. ஒயர் உருகித் தீ. கீழே ஒரே வரி: தவறான பழுதுபார்ப்பு.

சாயங்காலம் தம்பி வந்தான். விடுதியின் சமையல்காரன் அவன்தான். அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். சாப்பிடச் சொன்னேன், பசியில்லை என்றான். "மச்சான் வந்துடுவாருக்கா" என்று மூன்று தடவை சொன்னான். பாவம், அவனும் எவ்வளவுதான் தாங்குவான்.

மார்ச் 9

அவருடைய வேலை நோட்டு அகப்பட்டது. வீட்டில் சட்டையைக் கழற்றிய இடத்தில் போடுகிற மனிதர், நோட்டில் மட்டும் அப்படி ஓர் ஒழுங்கு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அளந்து எழுதியிருக்கிறார். விடுதி அடுப்பு: 230 வோல்ட், 8.7 ஆம்பியர்.

பள்ளியில் படித்தது மெல்ல ஞாபகம் வந்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. பெருக்கினால் வாட். ரவிக்கை அளவு எழுதும் காகிதத்திலேயே போட்டேன். 230 ÷ 8.7 = 26.4 ஓம். 230 × 8.7 = 2001 வாட். அடுப்பின் அடியில் அச்சிட்டிருந்ததும் இரண்டாயிரம்தான் என்று அறிக்கையே சொல்கிறது.

அப்படியென்றால் அவர் விட்டுவந்தபோது அடுப்பு சரியாக இருந்திருக்கிறது!

தீப்பிடித்த அன்று? 230 × 13.5. மூவாயிரத்து நூறு வாட். இருபத்தாறு ஓம் எப்படிப் பதினேழாகும்? தானாகக் குறையுமா? ஐந்து தடவை போட்டேன். ஐந்து தடவையும் அதேதான் வந்தது.

மார்ச் 10

"நோட்டு அவர் கையெழுத்தும்மா. தீப்பிடிச்ச பிறகு எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. கையில பிடிச்சுக் காட்டற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

வக்கீலம்மா வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

மார்ச் 11, செவ்வாய்

அவரிடம் கணக்கைச் சொன்னேன். சுருளின் நீளம் குறைந்தால்தானே தடை குறையும், யாரோ மூன்றில் ஒரு பங்கை எடுத்திருக்கிறார்கள் என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

"கணக்கெல்லாம் போடாதே. விடு."

"எப்படி விடறது? யாருக்காக விடணும்?"

"தம்பி ஒழுங்கா சாப்பிடறானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன பேசுகிறார்! திட்டிவிட்டு வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் இன்னும் நான்கு மிச்சம் இருந்தது.

மார்ச் 13

வெட்டினால் மிச்சம் எங்கேயாவது கிடக்கும். இருபது வருடமாகத் துணி வெட்டுகிறேன், எனக்குத் தெரியாதா? மூன்றில் ஒரு பங்கை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள், எதற்காவது ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். நாளை அவர் மீட்டரை எடுத்துக்கொண்டு விடுதிக் குப்பையைக் கிளறப் போகிறேன்.

மார்ச் 14

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

குப்பையில் ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் தம்பியின் அழுக்குத் துணியை எடுத்துவரலாம் என்று அவன் அறைக்குப் போனேன். அவன் இல்லை. ஜன்னலில் நான் தைத்துக் கொடுத்த திரை. "கம்பி நான் போட்டுக்கறேன்க்கா" என்று வாங்கிப்போனது. மடிப்புக்குள் விரலை விட்டேன் — சுருள் சுருளாக.

மீட்டரை வைத்தேன். 9.1 ஓம்.

பதினேழும் ஒன்பதும் இருபத்தாறு. குறைகிற துளி, அறுந்த முனையில் கருகியிருக்கும்.

அம்மா போன பிறகு நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. கடவுளே, அந்த நோட்டு என் கண்ணில் படாமலே இருந்திருக்கக் கூடாதா?

போலீஸ் விசாரணையில் பதினேழு ஓம் என்று கேட்டவுடனேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான்தான் திட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 15

"சுருள் அறுந்துபோச்சுக்கா. அறுபது பேருக்குச் சமைக்கணும். மச்சான் போனை எடுக்கல. அறுந்த துண்டை எடுத்துட்டு மீதியை இழுத்து மாட்டிட்டேன். முன்னைவிட சீக்கிரமா கொதிச்சுது. நல்லதாப் போச்சுன்னுதான் நினைச்சேன்."

நல்லதாப் போச்சாம்! ஓங்கி அறைந்தேன். அப்புறம் நானே அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். ரெண்டு கையும் வெந்து கிடக்கிறவளுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?

"நீயா போறியா, நான் கொண்டு போகவா?"

எழுந்து போய் ஜன்னலிலிருந்து திரையைக் கழற்றினான். சுருள் தையலில் சிக்கிக்கொண்டு வரவில்லை. நான்தான் தையலைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வரிசை இன்றும் நீளம்தான். புதுச் சட்டை ஒன்று தைத்து எடுத்துப்போனேன். இளைத்திருப்பான் என்று இடுப்பில் ஓர் அங்குலம் குறைத்திருந்தேன். இந்த முறை பையைத் தூக்க ஆள் இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி வந்து நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் நின்ற அவர் முந்திக்கொண்டார்.

"ஒழுங்கா சாப்பிடறியாடா?"