உடன் வருபவர் ஒருவர்

ஜூன் 10, செவ்வாய்

மழை. எழுந்ததும் முதலில் கூரைத் தண்ணீருக்கு வாளிகள் வைத்தேன். ஊரே நனைகிறது, குழாயில் மட்டும் சொட்டு இல்லை.

இடது மார்பில் கட்டி, அதே இடத்தில். தொட்டுப் பார்க்கக் கூடாது என்று தினமும் முடிவு. தினமும் மீறல்.

எங்கள் பெரார்கஞ்சிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ். இவரும் கூட. ஊசிப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், இதற்கு மேல் இந்தத் தீவில் வசதி இல்லை, மெயின்லேண்டுக்கு எழுதுகிறேன் என்றார். இங்கே இல்லை என்று அவர் எழுதினால்தான் ரெஃபரல். இத்தனை நாள் காத்திருந்தது அந்த ஒரு வரிக்கு.

"அட்டெண்டன்ட் கோன்?" கூட வருவது யார் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"மே ஹூங். சென்னை. மேரா தீதி ஹை உதர்." பதில் சொன்னது இவர், தான்தான் என்றும் அக்கா அங்கே இருக்கிறார் என்றும்.

என்னை பி.பி. பார்க்க அனுப்பினார்கள். திரும்பி வருவதற்குள் பேசி முடித்திருந்தார்கள். வெளியே வந்து கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா சந்தேகத்துக்கு அனுப்புறாங்க. நீ போட்டுக் குழப்பிக்காத."

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கொடுத்ததில்லை.

ஜூன் 11, புதன்

புழுக்கம். சொசைட்டி ஆபீஸில் லீவு சொன்னேன்.

சென்னையிலிருந்து மதினி ஃபோன். இவருடைய அக்கா. மாடி ரூமைக் கழுவிவிட்டாராம். "நீ ஒண்ணும் யோசிக்காத தாயி. வந்து படு. டாக்டர்கிட்ட பேசுறதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். மலருக்குப் பாக்கலையா?"

பார்த்தார்கள். மலர் என் ஓரகத்தி. போன வருஷம் இதே ரெஃபரல், இதே மாடி ரூம். வயிற்றுக் கட்டியை மட்டும் எடுப்பதாகச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். கர்ப்பப்பையையும் எடுத்தது, தையல் பிரிக்க வந்த நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டது அவள் புருஷன், என் கொழுந்தனார். பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லையாம்.

எல்லாரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வாங்க: முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி 2, ஃபிளாஸ்க், தலைவலித் தைலம்.

மாலை மலரே வந்தாள், சூரை மீனோடு. "அக்கா, அங்க போனா மாத்திரை பேரையாச்சும் கேட்டுக்கங்க. நான் அதுகூடக் கேக்கல." சிரித்தாள். எனக்கு வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

காற்று. ஹேவ்லாக் தீவுக்குப் போட் கேன்சல். இவர் கடைக்குப் போனதும் தனியாக டவுனுக்கு. ரெஃபரல் பிரிவில் தமிழ் கிளார்க்.

"நாளைக்கு மெடிக்கல் போர்டு மேடம். சென்னை, கல்கத்தா, வைசாக், எங்க வேணா கேக்கலாம். நம்மாளுங்க கண்ண மூடிட்டு சென்னைம்பாங்க. சொந்தக்காரங்க வீடு, இட்லி."

"துணைக்கு வீட்டுக்காரர்தான் வரணுமா?"

"யார் வேணா வரலாம். ஒருத்தர்தான். பேஷண்ட் வாயால சொல்லணும். போர்டு எழுதிட்டா அப்புறம் மாத்துறது கஷ்டம்." நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுல ஏதும் சண்டையா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

திரும்பும்போது ஆபீஸில் இறங்கினேன். பக்கத்து மேஜை ஷெஃபாலி டீ வாங்கித் தந்தாள். அவள் அம்மாவைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போனவள். எங்களுக்குள் ஹிந்திதான். டாக்டர் கூப்பிட்டபோது அவள் வெளியிலேயே நின்றாளாம். "அம்மாவோட உடம்பு தீதி. அம்மா முதல்ல கேக்கட்டும், பிறகு எனக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு, "நீங்களும் கல்கத்தா வாங்களேன். நான் வர்றேன் துணைக்கு. ரசகுல்லா உங்க செலவு."

வேடிக்கையா என்று கேட்டேன்; நிஜமாகத்தான் என்றாள். பஸ் முழுக்க அதையே.

இரவுச் சாப்பாடு. இவர் என் தட்டிலிருந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. மூச்சு முட்டியது. இரண்டும்.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. இவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். மதினியிடம் ஃபோனில், "எழுதி வாங்கிட்டதும் டிக்கெட் போட்டுடறேன்க்கா."

டிபன் கட்டியாகிவிட்டது, இரண்டு பேருக்கும்.

போர்டில் கேட்டதும் இவர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். கல்கத்தா. உடன் வருபவர், ஷெஃபாலி.