நாடாள்வார் குதிரை நுழைந்த அவற்சாலை வாசல்

ஆழிமுனைப் பெருநாடு தழைக்க! களஞ்சியம் நிறைய, கோட்டைக் காவலர் வயிறு குளிர, அரசி வெயினார் நங்கையின் செங்கோல் நிமிர! குடையும் கவரியும் உடையவரும், குதிரையை விட்டு இறங்குவதையே இழுக்கெனக் கொண்டவருமாகிய கோட்டூர் நாடாள்வார் வீரவிடங்கர் காண்க. அரசியின் உணவுச்சாலைகளுக்குக் கண்காணியும், உப்புச் சுமந்தோர் குடியில் முதன்முதல் எழுத்தறிந்தவளுமான வெண்கொடி விடுக்கும் ஓலை. உமது நாட்டில் மழை பெய்க. உமது வாசலில் அறிவும் சற்றே எட்டிப் பார்க்க.

மலைக்கோட்டைக் காவலர் உண்ணும் அவல் உமது ஊர் அவற்சாலையில் இடிபடுகிறது. மேலே அடுப்பு மூட்டினால் பகைவர் புகையைக் கண்டுகொள்வர் என்பதால், காவலர் அதைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தே உண்பர். நெருப்புக் காணாத உணவுக்கு வாசலே காவல் என்றறிந்துதான், பழைய சாலைக்குக் குனிந்து நுழையும் வாசல் வைத்தார்கள். தெருப்புழுதி உள்ளே வராதபடி நடையை வளைத்தார்கள். யாரும் தாண்ட முடியாத அகலத்தில் கால் கழுவும் தொட்டியைக் குறுக்கே இட்டார்கள். கால் கழுவி, வெளுத்த துணி மாற்றாமல் அரசியே ஆனாலும் உள்ளே போக முடியாது.

நாடாள்வார் என்ன செய்தார்? தாம் குனிந்தால் நாடே குனிந்துபோகும் என்று வாசலை இடித்தார். குடை தட்டாத உயரத்துக்குத் தோரணவாசல் எழுப்பினார். தொட்டியைத் தூர்த்தார். கோட்டைக்கு மூட்டை புறப்படும் நாளெல்லாம் கொட்டுமுழக்கோடு குதிரைமேல் உள்ளே வந்து, பாயில் காயும் அவலை வலம்வந்து வாழ்த்துவதென்று ஒரு வழக்கமும் கண்டுபிடித்தார். குதிரைக்கு வாழ்த்தத் தெரியுமா? அது தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிட்டுப் போயிற்று.

சாலைத் தலைவி மாசாத்தி குதிரைக்கு முன்னே கை விரித்து நின்று, "ஐயா, இறங்கிக் காலைக் கழுவிட்டு வாங்க, திங்கறவன் உசிரு போயிரும்" என்று கெஞ்சினாளாம். குடை பிடித்தவன், "குதிரைக்கு நாலு காலு, எதைக் கழுவச் சொல்ற ஆத்தா?" என்று கேட்க, நாடாள்வார் குலுங்கிச் சிரித்தாராம். கோட்டையில் யாரும் சிரிக்கவில்லை. குருதிக்கழிச்சல் கண்டு காவலர் பாதிப்பேர் படுத்தனர், சிலர் எழவேயில்லை. உடனே நாடாள்வார் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். மாசாத்தியின் கை அழுக்காம்! அந்தக் கையை வெட்டத் தீர்ப்பெழுதி, அவளைச் சிறையில் அடைத்தார்.

கண்காணி நேரில் வந்து பார்த்தாள். மாசாத்தியின் கை தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துக் கிடக்கிறது. அவற்பாயில் இருப்பதோ லாடத் தடம். மாசாத்தி லாடம் கட்டுவதில்லை. இதைச் சொன்னதற்கு நாடாள்வார், உப்புச் சுமந்தவன் மகள் நாலெழுத்துப் படித்தால் ஆள்பவன் காலைக் கழுவச் சொல்வாளோ என்று வினவினார். சொல்வாள். அதற்குத்தான் படித்தாள். தம் குதிரை வலம்வந்த அவல் ஒருக்காலும் கெடாது என்றும் அவர் அருளினார். நல்லது.

ஆகவே அரசியின் ஆணை: இவ்வோலை வாசித்து முடியுமுன் மாசாத்தி வெளியே நிற்க வேண்டும். கோட்டையில் மிஞ்சிய அவல் மூட்டை இத்துடன் வருகிறது. ஊரார் காணத் தோரணவாசலின்கீழ் அமர்ந்து, பச்சைத் தண்ணீரில் நனைத்து, நாடாள்வார் ஒரு கலம் உண்க. உண்ண மனமில்லையேல், அவ்வாசலைத் தம் கையாலேயே இடித்து, பழைய வாசலை எழுப்பி, தொட்டியை வெட்டி, முதல் ஆளாகக் குனிந்து கால் கழுவி நுழைக.

மறுமொழி எழுத வேண்டா. ஓலை கொணர்ந்தோர் கோட்டையில் மாண்டவரின் உடன்பிறந்தார். கலமும் தண்ணீரும் அவர்களே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இலச்சினை இட்டது, கழுவிய கை.