உன் அண்ணி மருத்துவரிடம் சொன்னது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இந்த முறை ஒரு கணம் தயங்கியது. நலம்தான், பயப்படாமல் படி. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் குளித்துவிட்டு வந்த உன் அண்ணன் கூடத்தில் விழுந்தான், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் ஸ்பூனை எடுத்துக்கொண்டு ஓடினேன். முப்பது வருடம் பள்ளியில் முதலுதவிப் பாடத்தில் பற்களுக்கு நடுவே ஸ்பூன் வை என்று சொல்லிக்கொடுத்தவள் அல்லவா. உன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயில எதுவும் வைக்கக் கூடாது அத்தை, அந்த நாற்காலிய மட்டும் தள்ளுங்க" என்றாள். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் அல்லவா, பதற்றத்திலும் அந்தக் கண் தவறவில்லை. இரண்டு நிமிடத்தில் நின்றது.

மருத்துவமனையில் தலையில் கம்பிகளை ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை. வெறும் மயக்கம், நாளைக்கே வண்டி எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டான் உன் அண்ணன். இதற்கு முன் ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டதற்கும் இல்லை என்றே சொன்னான். வாயைத் திறக்காதே என்று வழியிலேயே உன் அண்ணியிடம் கேட்டுக்கொண்டானாம், பேருந்து ஓட்டுநர் வேலை போய்விடும் என்ற பயம். அவள் அவனைப் பார்க்காமல், "இருக்கு டாக்டர். போன வாரத்துல மூணு தடவ. பேசிட்டே இருப்பாரு, அப்படியே நின்னுடுவாரு. உதட்டச் சப்பிக்கிட்டு சட்டைப் பொத்தானத் தடவிட்டு இருப்பாரு, கூப்பிட்டா கேக்காது. ஒரு நிமிஷம். அப்புறம் அவருக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது" என்றாள். நானும் பார்த்ததுதான், என்னை மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். வலிப்பு நோய்தான், பதிவு சரியாக இருந்தாலும் இப்படிப் பார்த்தவர் சொல்வதுதான் முக்கியம் என்றார் மருத்துவர். பள்ளி ஆய்வாளர் வரும் அரை மணி நேரம் வகுப்பு அமைதியாக இருக்கும், அதை வைத்து வருடம் முழுவதும் அமைதி என்று சொல்ல முடியுமா, அப்படித்தான் இதுவும்.

இரண்டு நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை, காலையும் மாலையும் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் அவனே மேலாளரிடம் போய், மருத்துவர் சொல்லும்வரை ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இப்போது உதிரிபாக அறையில் வேலை. இருபது வருட ஓட்டுநருக்கு அது எவ்வளவு கஷ்டம், அவனையும் நான் மெச்சத்தான் வேண்டும்.

போன வியாழன் காலை சாப்பிடும்போது மறுபடி அந்த ஒரு நிமிடம் வந்தது. தெளிந்ததும் மணி என்ன என்று கேட்டான். ஏழு இருபது என்றாள். அந்த நேரத்துக்கு அவன் வண்டி நிறைந்த கூட்டத்தோடு பாலத்தின் மேல் போகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். தட்டைத் தள்ளி வைத்தவன், "நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றான். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள், அங்கேதான் அழுதாள். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்.

அண்ணனிடம் எப்போதும்போல வம்பு பேசு, நோயாளியாக நடத்தாதே. அண்ணிக்குத் தனியாக இரண்டு வரி எழுது, மறக்காதே. நான் பாராட்டினால் மதிப்பெண் போடுவதுபோல் இருக்கிறதாம் அவளுக்கு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா