இணைச்சீருக்கு யார் நிற்பது?

ஜனவரி 6

மதுக்கரை ஆலை ஓய்வூதியர் சங்கத்து நாடகத்தில் இவருக்குத்தான் பெரிய வேஷம். விரும்பியவனைக் கட்டிக்கொண்ட மகளை, கௌரவம் பார்த்து வாசலோடு துரத்தும் அப்பா. வீட்டு ஒத்திகைக்கு மகளின் வசனத்தை நான் வாசிக்க வேண்டுமாம். அடுப்பில் பருப்பு, கையில் வசனத்தாள்.

"இந்த ஆளு சுயநலக்காரன் இல்ல கீதா. பேரக் காப்பாத்தறான், அவ்ளோதான்" என்கிறார்.

எங்கள் மகள் ஹர்ஷிணி இதே மாதிரி கட்டிக்கொண்டு பல்லடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் இவர் அவளோடு பேசவில்லை.

ஜனவரி 11

அடுத்த மாதம் எங்கள் மகன் அருள்குமாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள்தான் பக்கத்தில் நின்று இணைச்சீர்ச் சடங்கு செய்ய வேண்டும். இவர் தன் தங்கை மகள் ரித்திகாவை நிறுத்தப் போகிறாராம். பெற்ற மகள் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்க — என்ன மனுஷன் இவர்?

ஜனவரி 14

பொங்கலுக்கு ஹர்ஷிணி போன் செய்தாள். "ஏம்மா, தம்பிக்கு நான் சீர் செய்யக்கூடாதா?" வைத்த பிறகு அழுது தீர்த்தேன்.

ஜனவரி 17

வசனத்தை மாற்றி வாசித்துவிட்டேன். "அப்பா, தம்பிக்கு நாந்தானுங்க சீர் செய்யோணும்."

இவருக்குத் தன் வசனம் மறந்துபோயிற்று. தாளைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஜனவரி 26

நாடகம் நடந்தது. கதவைச் சாத்தும் இடத்தில் ஒரே கைத்தட்டல். சங்கத்து நரசிம்மலு வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நடிச்ச மாதிரியே தெரியலீங்க. அப்படியே நீங்கதானுங்க." நல்ல மனுஷர், மனதாரப் பாராட்டினார்.

வீடு வந்து சாப்பிடும்போது இவர் கேட்டார்: "ஊரே என்னை அப்பிடித்தான் நெனைக்குதா?"

"எனக்கென்னங்க தெரியும்" என்று ரசத்தை ஊற்றினேன்.

ஜனவரி 27

காலையிலேயே வெள்ளைச் சட்டை, தட்டில் கல்யாணப் பத்திரிகை. "பல்லடம் போலாம், கெளம்பு. நாலு பேரு என்னை அந்த நாடகத்து ஆளுன்னு சொல்லிப்போடக் கூடாது பாரு."

இதிலும் பேர்தான்! சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எதற்காகவோ, போகிறாரே.

அங்கே மருமகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவர் நீட்டிய காபியைக் குடித்தார்.

பிப்ரவரி 10

ஹர்ஷிணிதான் சீர் செய்தாள். கூறைச்சேலையின் ஒரு முனை அருளிடம், மறுமுனை அவளிடம். மண்டபம் நிறைய ஊரும் உறவும். இவர் கண்ணில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"தொடச்சுக்குங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாத்தாப் பாக்கட்டும்" என்றார்.